அத்தைக்கு, அந்தப் பாலாடைக் கிண்ணம் பற்றி

அத்தை,

மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து இன்றோடு ஒரு வருடம். காலையில் உங்களிடம் பேசலாம் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். பேசினால் வேறெங்கோ போய் முடியும். எழுதினால் நடுவில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அந்த வாரம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரே ஒரு காலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆரஞ்சு பாக்கெட் பாலை நிறுத்தி, கொழுப்பு குறைந்த டபுள் டோன்டு பாலை நான் வாங்கிய இரண்டாம் நாள். முதல் நாள் காய்ச்சிய பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஸ்பூனை ஓரத்தில் விட்டு ஒரு சுற்று சுற்றினீர்கள். மெல்லிசாக ஒரு தோல் ஒட்டியது, அவ்வளவுதான். மறுபடி ஒரு சுற்று. அப்புறம் ஃப்ரீசரிலிருந்து அந்தச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தீர்கள். நாலு நாள் சேர்த்த ஆடை. அப்படியே சிங்க்கில் கொட்டி, தேய்த்துக் கழுவி, மேல் தட்டில் கவிழ்த்து வைத்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மன்னித்துவிடுங்கள். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். ஆரஞ்சு பாலில் 6 சதவீதம் கொழுப்பு, அரை லிட்டருக்கு 30 கிராம். நீல பாக்கெட்டில் 15. டபுள் டோன்டில் ஏழரை. பால் கொழுப்பில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். காபி, தயிர், மோர் என்று மாமா ஒருவருக்கே அரை லிட்டர் போனது. அதற்கு மேல் பருப்புக்கு நெய். "தண்ணிப் பாலில் என்ன சத்து?" என்றீர்கள். கால்சியமும் புரதமும் கொழுப்போடு போய்விடுவதில்லை. இதை அன்றைக்கே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். நான் டயட் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

அந்தத் தாளிலேயே, பாலைக் காய்ச்சிக் குளிரவைத்து ஆடையை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி இருந்தது. முப்பது வருடமாக நீங்கள் செய்தது! எடுத்ததில் தப்பே இல்லை. முருங்கை இலை போட்டு நெய்யாக உருக்கி, சனிக்கிழமை அதே தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில்தான். இது எனக்கு உறைக்க எட்டு மாதம் ஆனது.

ஓரகத்தியும் இதைப் படிப்பாள். அதனால் நீங்களும் மாமாவும் கோவையில் அவள் வீட்டுக்குப் போனது பேரனைப் பார்க்க என்றே இருக்கட்டும். ஆனால் கல்யாண வீட்டில், "மருமகள் அவரைப் பட்டினி போட்டாள்" என்று சொன்னீர்களாமே. ஐசியு வாசலில் நாலு ராத்திரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார், அத்தை?

சரி, விடுங்கள்.

டபுள் டோன்டு பாலில் தயிர் எனக்கு நீர்த்தே போய்க்கொண்டிருந்தது. இப்போது கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஒரு ஸ்பூன் கலந்து உறைகுத்துகிறேன்; கெட்டியாகத்தான் வருகிறது. உங்கள் தயிரின் அந்த வாசம் மட்டும் இல்லை. உங்கள் மகன் சாப்பிடுகிறார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிப்போக வருகிறோம். மாமாவின் மாத்திரை டப்பாவையும் போன மாத ரிசல்ட்டையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். இங்கே உறைமோர் புளித்துவிட்டது, கொஞ்சம் கொண்டு வாருங்கள். நெய் ஜாடி வேண்டாம்.