முள்ளக்காட்டிலிருந்து கங்கைகொண்டான் வரை

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததில் நிம்மதி. இங்கே தம்பி மகளுக்கு, திருநெல்வேலி பக்கத்துக் கங்கைகொண்டானில் சோலார் தகடு செய்கிற ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். டிப்ளமோ முடித்தவள் சென்னைக்கு வண்டி ஏறாமல் வீட்டிலிருந்தே போய் வருகிறாள். தம்பி முகத்தை நீ பார்க்க வேண்டுமே!

சோலார் கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரிப்பணத்தை அள்ளிக் கொடுப்பது வீண் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1986இல் தூத்துக்குடி பக்கம் நம் முள்ளக்காட்டில் மின்சாரம் எடுக்கிற முதல் காற்றாலைக் காத்தாடிகளை நட்டது அரசாங்கம்தானே? ஒவ்வொன்றும் வெறும் 55 கிலோவாட். அன்றைக்கு அதை நம்பி எந்த வங்கி கடன் கொடுத்திருக்கும்? இங்கே அடிக்கிற காற்றில் மின்சாரம் எடுக்கலாம் என்று அரசு செய்து காட்டிய பிறகுதான் நூற்பாலைக்காரர்கள் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலுக்குக் காத்தாடி நட வந்தார்கள். இன்று ஒரே காத்தாடி 3 மெகாவாட், அதாவது 3,000 கிலோவாட் தருகிறது.

சலுகை கொடுத்த விதத்தில் தப்பு நடந்தது, அதை மறைக்கவில்லை. 90களில், காத்தாடிக்குப் போட்ட முதல் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம். காத்தாடியை நட்டு வைத்தால் போதும், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் சலுகை உண்டு! 2009இல்தான் யூனிட்டுக்கு 50 பைசா என்று, உற்பத்தியைப் பார்த்துக் கொடுக்கிற திட்டம் வந்தது. சோலார் தகடு செய்வதற்கு மத்திய அரசு இப்போது இரண்டு கட்டமாக ஒதுக்கியிருக்கும் 24,000 கோடி ரூபாயும், செய்து விற்றுக் காட்டினால்தான் கைக்கு வரும். அதனால்தான் இந்தத் தடவை எனக்கு நம்பிக்கை.

ஒரு கவலையும் உண்டு. வெயிலை மின்சாரமாக்குகிற சோலார் செல்லை இங்கே செய்கிறோம். அதற்கான சிலிக்கான் வேஃபர் என்கிற மெல்லிய வில்லை பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. லாபமும் தொழில்நுட்பமும் அங்கேயே தங்கிவிட்டால் நம் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்ட வேலை மட்டும்தான் மிஞ்சும். தனியார் தயங்குகிற அந்த இடத்தில்தான் அரசு துணிந்து பணம் போட வேண்டும். மின்கம்பித் தடமும் அப்படித்தான். 2012இல் ஊரே இருட்டில் கிடந்தபோது, கொண்டுபோக லைன் இல்லாமல் காத்தாடிகளை நிறுத்தி வைத்தார்களே, எவ்வளவு கொதித்தோம்!

ஆனித் தேருக்குக் குடும்பத்தோடு வா. காற்றுக் காலம்தான், காத்தாடிகள் நிற்கிற கயத்தாறு பக்கமும் ஒரு நடை போய் வரலாம். மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு மச்சான்