ஹராமா நினைவுநாள்: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936–39) பிராங்கோவின் கிளர்ச்சிப் படைகளுக்கு எதிராகக் குடியரசு அரசின் பக்கம் நின்று மடிந்த அயல்நாட்டுத் தன்னார்வலர்களை வரும் பிப்ரவரி 12 அன்று நம் குழுவில் நினைவுகூர இருக்கிறோம்.

1937இல் அதே நாளில், மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே ஹராமா ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுரங்கத் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்திருந்த ஏறத்தாழ 600 பேர் கொண்ட பிரித்தானியத் தன்னார்வலர் படைப்பிரிவு போதிய பயிற்சியின்றிக் களமிறங்கியது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கென வந்த தோட்டாக்கள் அவற்றுக்குப் பொருந்தாதவை என்பது சண்டை மூண்ட பிறகே தெரியவந்தது. மாலையில் களத்தில் எஞ்சியவர்கள் பாதிக்கும் குறைவு. வீரம் மட்டுமே பேசப்படும் இந்நாளில் இந்த அலட்சியத்தையும் பேசியாக வேண்டும் என்பது என் கருத்து.

நாக்பூரைச் சேர்ந்த கோபால் முகுந்த் ஹுத்தாரும் ஜான் ஸ்மித் என்ற பெயரில் பின்னர் அப்படையில் சேர்ந்தவரே. 1938இல் சிறைபட்ட அவர் உயிருடன் மீண்டார்.

மொத்த உயிரிழப்பு பற்றி ஆய்வாளர்களின் கணக்குகள் வேறுபடுவதால், எண்ணிக்கையைக் குறிப்பிடுவோர் அது எவருடைய கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுமாறும், மூலம் தெரியாத போர்க்களப் படங்களைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அன்று வேறு செய்திகளைப் பகிர வேண்டாம்.