பெர்லினில் படம் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

பெர்லின் திரைப்பட விழாவில் புதிய ஐரோப்பியப் படங்கள் சிலவற்றுக்கு டிக்கெட் எடுத்திருப்பதாக நீ எழுதியதைக் கோவையில் எங்கள் திரைப்படச் சங்கத்து நண்பர்களிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். 1951ஆம் ஆண்டு தொடங்கிய அந்த விழா, பிரான்சின் கான் திரைப்பட விழாவைப் போலத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பதன்று; ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான டிக்கெட்டுகளைப் பொதுமக்கள் வாங்குகிறார்கள். ஆகவே, படம் முடிந்து இயக்குநர் மேடைக்கு வரும்போது கையுயர்த்திக் கேட்க உனக்கும் உரிமையுண்டு.

போட்டிப் பிரிவின் பெரிய பெயர்கள் எப்படியும் பின்னர் ஏதேனும் ஓடிடியில் கிடைத்துவிடும். நீ ஃபோரம் பிரிவுக்குப் போ. 1970இல் வியட்நாம் போரைப் பற்றிய ஒரு ஜெர்மன் படத்தால் எழுந்த சண்டையில் நடுவர் குழுவே விலகி, போட்டி பரிசின்றி நின்றுபோக, அதற்கடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட பிரிவு அது. முதல் படமோ இரண்டாம் படமோ எடுத்தவர்களை அங்கே அதிகம் காணலாம். அவர்களுக்கு ஒப்பித்துப் பழகிய பதில்கள் இன்னும் அமைந்திருக்காது.

படத்தின் வழியாக என்ன சொல்ல வருகிறீர்கள் என்று மட்டும் கேட்காதே. அதை அவர் திரையிலேயே சொல்லி முடித்துவிட்டார். புரியாத இடம் உனக்குள் கொஞ்ச நாள் கிடக்கட்டும். எப்படி எடுத்தீர்கள் என்று கேள். அதிலும் பணத்தைப் பற்றிக் கேள். கணக்குக் கேட்க நம் ஊர்க்காரர்களுக்கு என்ன கூச்சம்? ஐரோப்பியப் படங்களின் தொடக்கத்தில் வரிசையாக வருகிற முத்திரைகளைக் கவனித்திருப்பாய். தொலைக்காட்சி நிறுவனம், ஒரு மாநிலத்தின் நிதியம், பக்கத்து நாட்டுத் தயாரிப்பாளர், திரைத்துறைக்கு உதவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீடியா திட்டம் என ஆளுக்கொரு பங்கு போட்டிருப்பார்கள். படத்தின் செலவில் ஒரு பகுதியைத் தங்கள் வட்டாரத்திலேயே செலவழிக்க வேண்டும் என்று பல நிதியங்கள் நிபந்தனை விதிக்கின்றன. கதையில் நாயகி காரணமில்லாமல் இன்னொரு நாட்டுக்குப் போய் வந்தால், அதற்குக் காரணம் கதையிலா கணக்கிலா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். வட்டிக்கு வாங்கிப் படமெடுக்கும் நம்மவர்களுக்கு வேறு நெருக்கடி, அவர்களுக்கு இது. அந்த நெருக்கடிக்குள் எதை விட்டுக்கொடுத்தார், எதை விடவில்லை என்று கேட்டால் நேர்மையான இயக்குநர் மனம்விட்டுப் பேசுவார்.

ஐரோப்பியப் படம் நமக்குப் புதிதுமன்று. நம் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்து ஏசுவின் வாழ்க்கையைச் சலனப் படமாகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். அந்த மௌனப்பட நாளில் திரைக்கருகே நின்று ஒருவர் கதை சொல்லிக்கொண்டே இருப்பார் என்று என் அப்பாரு சொல்வதுண்டு. உனக்கு அந்தத் தொல்லை இல்லை. பேசுபவர் படம் முடிந்த பிறகே வருகிறார். (எங்கள் சங்கத்தில் கேள்வி கேட்க எழுபவரே படத்தைவிட நீளமாகப் பேசுவார். அதை நீ அங்கே கொண்டுபோகாதே.)

பிடித்த படமென்றால் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் உலக விற்பனை உரிமை யாரிடம் இருக்கிறது என்று குறித்து அனுப்பு. இங்கே திரையிட இயக்குநர் சம்மதித்தாலும், அந்த நிறுவனத்திடம் எழுதிக் கேட்டால்தான் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

அன்புடன்,
அப்பா