கரப்பான் பூச்சியும் உன் விசாவும்

தம்பி,

ஞாயித்துக்கிழமை போன்ல நீ சொன்னது மனசுலயே நிக்குது, அதான் எழுத உக்காந்துட்டேன். ஃபேமிலி குரூப்ல மோடி விலங்கோட இருக்கிற அந்த மாதிரி கார்ட்டூன் எல்லாம் ஃபார்வர்ட் பண்ணாதீங்கம்மா, இப்ப விசாவுக்கு சோஷியல் மீடியா எல்லாம் தோண்டிப் பாக்குறாங்கன்னு சொன்ன. சரி, பண்ணல. அமெரிக்காவுல உன் எச்-1பி வேலை விசா ரினியூவல் வர்ற நேரம், ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு நீ பயப்படறது எனக்கு புரியாம இல்ல. ஆனா அதோட விட்டியா, "நாடு கடத்தறது எல்லாம் மெக்ஸிகோக்காரங்க பிரச்சனைம்மா, நாம விசா பேப்பர் எல்லாம் கரெக்டா வச்சிருக்கோம்"னு ஒரு வார்த்தை சேத்து சொன்ன பாரு, இந்த லெட்டர் அதுக்குத்தான். போன்ல ஆரம்பிச்சா மீட்டிங் இருக்கும்மான்னு வச்சிருவ.

அங்க இருந்தப்ப நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம் சின்னவனை தள்ளுவண்டில வச்சுக்கிட்டு லைப்ரரிக்கு போவேன்ல, பேப்பர் படிக்கத்தான் போறேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்த. நான் போனது காமிக்ஸ் அலமாரிக்கு. அங்கதான் லாலோ அல்கராஸ் எனக்கு கெடச்சாரு. 1964ல சான் டியேகோல பொறந்தவரு, அப்பா அம்மா மெக்ஸிகோலருந்து வந்தவங்க, பெர்க்லில ஆர்க்கிடெக்சர் படிச்சுட்டு வீடு கட்டாம கார்ட்டூன் போட போயிட்டாரு (அவங்க அம்மா என்ன சொன்னாங்களோ!). அவரோட படத்தொடர் பேரு லா குக்கராச்சா, கரப்பான் பூச்சின்னு அர்த்தமாம். 1992ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு வாரப் பத்திரிகைல ஆரம்பிச்சு 2002லருந்து நாடு முழுக்க தினசரி பேப்பர்ல வந்துச்சு. அதுல குக்கோ ரோச்சான்னு ஒருத்தன், பாதி மனுஷன் பாதி கரப்பான், எதைப் பாத்தாலும் கோவம் வரும், அவனுக்கு எடின்னு ஒரு ஃப்ரெண்டு, அவன் கொஞ்சம் நிதானம். மிதிக்க மிதிக்க சாகாத ஜந்துவா பாத்து ஹீரோவாக்கிட்டாரு மனுஷன்.

நான் சொல்ல வந்தது அவரு 1994ல பண்ணின ஒரு வேலை. அந்த வருஷம் கலிஃபோர்னியால 187ன்னு நம்பர் போட்டு ஒரு சட்டத்தை ஓட்டுக்கு விட்டாங்க. பேப்பர் இல்லாதவங்களுக்கு கவர்மெண்ட் ஸ்கூல் கிடையாது, உயிர் போற அவசரம் தவிர ஆஸ்பத்திரி கிடையாது, எந்த உதவியும் கிடையாது. அதைவிட எனக்கு வயித்தைக் கலக்குனது, ஸ்கூல்காரங்களே பிள்ளைங்க பேப்பரையும் பெத்தவங்க பேப்பரையும் பாத்து, சந்தேகம்னா மேலிடத்துக்கு எழுதிப் போடணுமாம். கார்ப்பரேஷன் ஸ்கூல்ல காலம் பூரா அட்டெண்டன்ஸ் எடுத்தவ நான், அந்த ரெஜிஸ்டரை வச்சு ஒரு பிள்ளையோட அப்பனை புடிச்சுக் குடுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு அந்த லைப்ரரில உக்காந்து யோசிச்சிருக்கேன். கவர்னர் பீட் வில்சன் திரும்ப ஜெயிக்கிறதுக்கு அதையே புடிச்சுக்கிட்டாரு. லாஸ் ஏஞ்சலஸ்ல 70 ஆயிரம் பேருக்கு கிட்ட ஊர்வலம் போனாங்க, ஸ்கூல் பிள்ளைங்க கிளாஸை விட்டு வெளில வந்து நடந்தாங்க, அப்படியும் கிட்டத்தட்ட 59 சதவீதம் ஓட்டு வாங்கி பாஸ் ஆயிருச்சு. நல்லவேளை கோர்ட்டு நிறுத்துச்சு, அது கடைசி வரை நடைமுறைக்கே வரல.

அந்த சமயத்துல அல்கராஸும் அவரு கூட்டாளி எஸ்டபான் சூலும் போச்சோன்னு ஒரு கிண்டல் பத்திரிகை நடத்திக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க, இந்த சட்டத்தை எதிர்க்காம ஒரேயடியா ஆதரிக்க ஆரம்பிச்சுட்டாங்க! வில்சனை ஆதரிக்கிற லத்தீன் மக்கள்னு ஒரு இல்லாத சங்கம், அதுக்கு டேனியல் டி. போர்ட்டாடோன்னு ஒரு இல்லாத தலைவர், டி-யையும் போர்ட்டாடோவையும் சேத்து வாசிச்சா ஸ்பானிஷ்ல நாடு கடத்தப்பட்டவன்னு வரும். எங்களை யாரும் புடிச்சு அனுப்ப வேணாம், சென்டர் தொறந்து வைங்க, நாங்களே வந்து எங்களை நாடு கடத்திக்கிறோம்னு பத்திரிகைக்கு அறிக்கை விட்டாங்க. ஒரு ஸ்பானிஷ் டிவி ஷோ அதை நெஜம்னே நம்பி கூப்பிட்டுச்சு, அல்கராஸ் அந்த தலைவராவே போயி உக்காந்து முகத்துல சிரிப்பில்லாம பேசிட்டு வந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க, ஏன்னா அதுக்கு மேல ஒரு அபத்தம் இருக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தோணுச்சு.

இப்ப கேளு. 2012 ஜனவரில ப்ளோரிடால ரிபப்ளிகன் கட்சி விவாதம், பிரசிடெண்ட் தேர்தலுக்கு நின்ன மிட் ராம்னி மேடைல நின்னு இதுக்கு வழி செல்ஃப் டிபோர்ட்டேஷன்தான், அதாவது அவங்களே தன்னைத்தானே நாடு கடத்திக்கிறதுதான்னு சீரியஸா சொல்றாரு. அவரு ஜோக்குக்கு சொல்லல, அதுதான் அவரு கொள்கை. 2025 மே மாசம் அமெரிக்க கவர்மெண்டே ஒரு ஆப்பை காட்டி, இதுல பதிஞ்சுட்டு நீங்களா கெளம்பிப் போனீங்கன்னா டிக்கெட்டும் குடுத்து ஊருக்கு போய் சேந்ததும் 1000 டாலரும் தர்றோம்னு அறிவிக்குது. நம்ம ரேஷன் கடைல முன்னாடி பொங்கல் பரிசு ஆயிரம் ரூபா குடுத்தாங்கல்ல, அந்த மாதிரி. அதுக்கு 31 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பசங்க கேலிக்கு எழுதுன அறிக்கை அப்படியே திட்டமாயிருச்சு தம்பி. அல்கராஸுக்கு ராயல்டி குடுக்கணும்னு நான் சொன்னா உனக்கு சிரிப்பு வராது, எனக்கு தெரியும்.

நம்ம ஆளுங்க கதைக்கு வர்றேன். 2025 பிப்ரவரி 5ந்தேதி 104 இந்தியருங்களை மிலிட்டரி ப்ளேன்ல ஏத்தி அமிர்தசரஸ்ல கொண்டாந்து எறக்குனாங்க, வழி பூரா கைல விலங்கு கால்ல சங்கிலி. பஞ்சாப், ஹரியானா, குஜராத் பிள்ளைங்க நெறைய பேரு. அதைப் பத்தி மோடி ட்ரம்ப் பக்கத்துல விலங்கோட உக்காந்திருக்கிற மாதிரி விகடன் டிஜிட்டல் இதழ்ல படம் வந்துச்சு, சில நாள்லயே சைட்டை முடக்கிட்டாங்க. மார்ச்சுல ஹைகோர்ட் போயி, அந்த படத்தை தற்காலிகமா எடுங்க, சைட்டை தொறந்து விடறோம்னு ஆச்சு. 1987ல அட்டைப்பட ஜோக்குக்கு விகடன் ஆசிரியரை சட்டசபை ஜெயிலுக்கு அனுப்புன கதையை உங்கப்பா சொல்லி நீ கேட்டிருக்க. இப்ப நான் குரூப்ல போட்டதும் இந்த விலங்குப் படத்தைத்தான், நீ எடுக்கச் சொன்னதும் இதைத்தான். இதுல மெக்ஸிகோக்காரங்க எங்க இருக்காங்க, சொல்லு?

அவங்க பேப்பர் இல்லாம போனவங்கம்மான்னு சொல்லுவ. ஆமா, இல்லாமதான் போனாங்க. உன் பேப்பரும் கம்பெனி ஒரு மெயில் அனுப்பி வேலை இல்லன்னு சொல்லிட்டா 60 நாள்தான் செல்லும்னு நீதானே லே-ஆஃப் நேரத்துல ராத்திரி தூக்கம் வராம எனக்கு போன் பண்ணி சொன்ன? உன்னைக் குத்திக்காட்ட சொல்லல. கோடு எங்க கிழிக்கிறாங்கங்கிறது நம்ம கைல இல்லன்னுதான் சொல்றேன்.

போசாடான்னு ஒருத்தர், இந்த கார்ட்டூன்காரங்க எல்லாருக்கும் தாத்தா மாதிரி. ஹோசே குவாதலூப்பே போசாடா, மெக்ஸிகோல 1852ல பொறந்து 1913ல செத்தாரு, செத்தப்ப கையில காசில்ல, ஏழைங்கள பொதைக்கிற குழியிலதான் பொதைச்சாங்க. வனேகாஸ் அர்ரோயோங்கிறவரு அச்சாபீசுக்காக ஒத்தத் தாள்ல படம் செதுக்கிக் குடுப்பாரு, கொலை, விபத்து, அரசியல், பேய்க்கதை, எல்லாம் தெருவுல கூவி விக்கிற சல்லிக்காசு தாளு, படிக்கத் தெரியாதவங்களும் படத்தைப் பாத்தே விஷயத்தைப் புடிச்சுக்குவாங்க. அதுல எல்லாரையும் எலும்புக்கூடா போடுவாரு, மந்திரி, பணக்காரன், குடிகாரன், சைக்கிள் ஓட்டுறவன், யாரையும் விடல. அதுல ஒண்ணுதான் பெரிய பூத்தொப்பி போட்டு பல்லை இளிச்சுக்கிட்டு இருக்கிற பொம்பளை எலும்புக்கூடு, உங்க ஊரு கடைல டி-ஷர்ட்ல எல்லாம் தொங்குதே அதேதான். கத்ரீனான்னு பேரு வச்சு முழு உடம்பு குடுத்தது டியேகோ ரிவேரா, 1947ல ஒரு பெரிய சுவரோவியத்துல. போசாடா வச்ச பேரு வேற, கார்பான்செரா. தன்னோட பூர்வகுடி ரத்தத்தை மறைச்சுக்கிட்டு ஐரோப்பாக்காரி மாதிரி வேஷம் போடறவங்கள அப்படி கூப்பிட்டாங்களாம். அதான் உடம்புல சதை இல்ல, துணி இல்ல, ஆனா தலைல மட்டும் பிரெஞ்சு தொப்பி. அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கு யார் ஞாபகம் வந்துச்சுன்னு எழுதமாட்டேன், நீ கோச்சுக்குவ.

அதுக்காக அந்தப் பக்கம் எல்லாரும் சொக்கத்தங்கம்னு நான் சொல்ல வரல. மெமின் பிங்குயின்னு மெக்ஸிகோல ஒரு பழைய காமிக்ஸ், 1940கள்ல யோலாண்டா வார்காஸ் துல்ச்சே எழுதுனது, கறுப்பினப் பையன், தடிச்ச உதடு, குரங்கு மாதிரி வரைஞ்சு வச்சிருக்காங்க. 2005ல அவன் படத்தைப் போட்டு மெக்ஸிகோ அரசாங்கம் தபால்தலை விட்டுச்சு. அமெரிக்காவுல பெரிய ரகளையாச்சு, அதுக்கு இவங்க, இது எங்க குழந்தைங்க கொண்டாடுற பாத்திரம், உங்களுக்கு எங்க கலாசாரம் புரியலன்னு பதில் சொன்னாங்க, ஸ்டாம்பு கண்மூடி தொறக்கறதுக்குள்ள வித்துப்போச்சு. தங்களை தூங்குமூஞ்சியா, பெரிய தொப்பிக்காரனா வரையுறாங்கன்னு நொந்துக்கிற அதே ஜனங்க. நம்ம சினிமா காமெடில கறுப்பா இருக்கிறவங்களையும் குண்டா இருக்கிறவங்களையும் பேசாத பேச்சா, நாமளும் வீட்ல உக்காந்து சிரிச்சிருக்கோம். கேலியோட தரம் அது யாரைப் பாத்து எறியுதுங்கிறதுல இருக்குன்னு நான் நெனைக்கிறேன், மேல எறிஞ்சா சரி, கீழ எறிஞ்சா அது வெறும் திமிரு.

ஆனா வரையிறவன் மாறவும் செய்யலாம். கஸ் அரியோலான்னு அரிசோனால பொறந்த மெக்ஸிகன் வம்சாவளிக்காரர் 1941ல கோர்டோன்னு ஒரு தொடர் ஆரம்பிச்சாரு. மொதல்ல அவரே சோம்பேறி குண்டன், ஒடைஞ்ச இங்கிலீஷ்னு அமெரிக்காக்காரன் சிரிக்கிற மாதிரிதான் போட்டாரு. போகப்போக அதை மாத்திக்கிட்டு மெக்ஸிகோவோட சாப்பாடு, பண்டிகை, கலைன்னு அமெரிக்க பேப்பர்ல தினம் காட்ட ஆரம்பிச்சு 1985 வரைக்கும் நடத்துனாரு.

சின்னவன் திரும்பத் திரும்ப பாக்குறானே கோக்கோ படம், அதுக்கு பின்னாடியும் ஒரு கார்ட்டூன் இருக்கு. 2013ல டிஸ்னி அந்தப் படத்துக்காக, செத்தவங்களை நெனச்சு மெக்ஸிகோக்காரங்க கொண்டாடுற பண்டிகையோட பேரையே டிரேட்மார்க் பண்ண விண்ணப்பம் போட்டுச்சு. பண்டிகை பேருக்கு பட்டா! ஜனங்க கொதிச்சுட்டாங்க. அல்கராஸ் உடனே ஒரு ராட்சச மிக்கி மவுஸ் எலும்புக்கூடு ஊரை மிதிக்க வர்ற மாதிரி போட்டாரு, உங்க கலாசாரத்தை டிரேட்மார்க் பண்ண வருதுன்னு. டிஸ்னி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிருச்சு. இதுல வேடிக்கை, 1994லயே அவரு மிக்கிக்கு பார்டர் போலீஸ் யூனிஃபார்ம் மாட்டி ஒரு படம் போட்டவரு, மிக்ரா மவுஸ்னு. அப்படிப்பட்ட ஆளையே அதே கோக்கோ படத்துக்கு ஆலோசகரா கூப்பிட்டாங்க, அவரும் போனாரு. வித்துப்போயிட்டான்னு சொந்த ஜனங்களே திட்டுனாங்க. எனக்கு அப்படி தோணல. வெளில நின்னு திட்டவும் ஆள் வேணும், உள்ள போயி இது தப்பு அது தப்புன்னு சொல்லவும் ஆள் வேணும், ரெண்டையும் ஒரே ஆள் பண்ணதுதான் அவங்களுக்கு ஒறுத்துச்சு. அப்புறம் 2022ல அரசியல் கார்ட்டூனுக்குனு குடுக்கிற ஹெர்ப்லாக் பரிசு அவருக்கு கெடச்சது, அதை வாங்கின மொத லத்தீன்காரர் அவருதான்.

பயம் வேணாம்னு நான் உனக்கு சொல்லமாட்டேன், அது எனக்கு சுலபம், அங்க இருக்கிறது நீ. ரியூஸ்னு ஒரு மெக்ஸிகோ கார்ட்டூன்காரர் கதையை மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன், இவருதான் எனக்கு எல்லாரையும் விட புடிச்சவரு. நெஜப் பேரு எடுவார்டோ டெல் ரியோ. 1965ல லாஸ் சூப்பர்மாச்சோஸ்னு ஒரு காமிக்ஸ், சான் கராபாட்டோன்னு ஒரு கற்பனை கிராமம், அங்க கால்சோன்சின்னு ஒரு பூர்வகுடி ஆளு எப்பவும் எலக்ட்ரிக் போர்வையைப் போத்திக்கிட்டு ஊரு பெருசுங்களை கேள்வி கேட்டு மடக்குவான். பஞ்சாயத்து, சர்ச்சு, போலீஸ், அமெரிக்கா எல்லாத்தையும் வறுத்துருவாங்க. நூறு இதழ் வாக்குல பதிப்பாளர் அதை அவரு கைய விட்டு புடுங்கிட்டாரு, அவரு அசராம 1968ல லாஸ் அகச்சாடோஸ்னு வேறொண்ணு ஆரம்பிச்சாரு. 1969ல ராணுவம் தூக்கிட்டுப் போயி நெவாடோ டி டொலூக்கா மலைல வச்சு சுடற மாதிரி நாடகம் போட்டு மிரட்டி விட்டுச்சு. எறங்கி வந்து திரும்ப படம்தான் போட்டாரு, நூத்துக்கு மேல புத்தகம், கார்ல் மார்க்ஸைப் பத்தி பாமரருக்கு புரியற மாதிரி ஒண்ணு போட்டாரு பாரு, அதைப் பாத்துதான் அந்த வகை படப்புத்தகம் எல்லாம் உலகம் பூரா கெளம்புச்சு. பழைய செதுக்குப் படத்தை வெட்டி ஒட்டி, பக்கத்துல கையெழுத்துல கிறுக்கி, நடுவுல ஒரு குடியானவன் ஒரு நக்கல் அடிப்பான். இப்படி ஒரு பாடப்புத்தகம் இருந்திருந்தா என் எட்டாங்கிளாஸ் பசங்க பாதிப்பேரு தூங்கியிருக்க மாட்டாங்க.

டிசம்பர்ல வர்றப்ப அவரு புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வா. உங்க தெரு முனைல டாக்கோ வண்டி போடற அண்ணன்கிட்ட எங்க கெடைக்கும்னு கேளு, நீ தினம் அங்கதான் சாப்பிடுற, ஆனா அவரு எந்த ஊர்னு கேட்டா உனக்கு தெரியல. இங்கிலீஷ்ல கெடைக்கலன்னா ஸ்பானிஷே போதும், படத்தை வச்சு நான் ஒப்பேத்திக்குவேன், மாட்டுற எடத்தை போட்டோ எடுத்து அனுப்புறேன், அவருகிட்ட கேட்டு சொல்லு. குரூப்ல போடாம உனக்கு மட்டும் அனுப்புறேன், சரியா?

அம்மா