சுண்ணாம்புத் தெளிவும் ஒன்பது நாள் கணக்கும்

தருமபுரி
மார்கழி 6

அன்பு மகளுக்கு,

சிங்கப்பூரில் உன் அறையில் நீ வைத்திருக்கும் கடல் பவளத் தொட்டியைப் பற்றி அனுப்பிய ஒன்பது நாள் கணக்கையும் மூன்று போட்டோவையும் பார்த்துவிட்டேன் கண்ணு. சீரியாடோபோரா என்ற கிளைப் பவளத்தின் அடித்தண்டு வெளுத்திருக்கிறதே, அது வெப்பத்தால் வந்த வெளுப்பு இல்லை. வெப்பத்தில் வெளுத்தால் சதை மேலேயே இருக்கும். உள்ளே குடியிருக்கும் நுண்பாசி மட்டும் வெளியேறிவிடும். கண்ணாடி போன்ற சதை வழியாக எலும்பின் வெள்ளை தெரியும். உன் படத்தில் சதையே உரிந்து, வெள்ளை அடியிலிருந்து மேலே ஏறுகிறது. இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: உரிந்த எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நல்ல சதை இருக்கும் இடத்தில் கிளையை எலும்பு வெட்டும் கட்டரால் வெட்டு. வெட்டிய துண்டைச் சயனோஅக்ரிலேட் ஜெல் பசையால் பவளம் ஒட்டி வைக்கும் புது வில்லையில் ஒட்டி, நீரோட்டம் நன்றாகப் படும் இடத்தில், பழைய இடத்தைவிடக் கொஞ்சம் கீழே வை. மூன்று துண்டு எடுத்தால் ஒன்றாவது நிற்கும். அடித்தண்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விட்டுவைக்காதே.

இனிக் கணக்கு. காரத்தன்மை என்பது பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, அதன் அலகு டி.கே.எச். முதல் நாள் அது 8.6 டி.கே.எச். நாலாம் நாள் 7.2. அன்று ராத்திரி ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறாய். ஐந்தாம் நாள் காலை 9.4. அதற்குப் பிறகு 8.9, 8.5, 8.0, 7.5. கடல் நீரே ஏறக்குறைய 7தான், அதனால் 7.2 உன் பவளத்தை ஒன்றும் செய்திருக்காது. 9.4இலும் அது பிழைத்திருக்கும், மெல்லப் பழகியிருந்தால். ஒரே ராத்திரியில் 2.2 ஏறியதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. ஐநூறு லிட்டர் தொட்டியில் நீ போட்ட நாலு கிராம் சோடா விழுந்தால் கால் புள்ளி அளவுக்குத்தான் அசையும். உன்னுடையதில் கல்லைக் கழித்தால் தண்ணீர் 60 லிட்டர். அதில் 1.8 கிராம் சோடியம் பைகார்பனேட் போட்டால் ஒரு டி.கே.எச் ஏறும். இந்த 1.8ஐத் தொட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவை. ஒரு நாளைக்கு 0.5க்கு மேல் ஏற்றவே கூடாது, அதாவது 0.9 கிராம், அதையும் காலை மாலை என்று பிரித்து. இறங்கிவிட்டதே என்று பதறி ஒரேயடியாக நிரப்பாதே. நாலு நாளில் இறங்கியதை நாலு நாளில் ஏற்று.

உன் கணக்கிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை நீ கவனிக்கவில்லை. 8.6இலிருந்து 7.2க்கு மூன்று நாள். 9.4இலிருந்து 7.5க்கு நாலு நாள். இரண்டையும் வகுத்துப் பார், நாளைக்கு 0.47 வருகிறது. உன் பவளங்களின் ஒரு நாள் சாப்பாடு அதுதான். அவை எலும்பு கட்டும்போது காரத்தன்மையும் கால்சியமும் சேர்ந்தே இறங்கும்: ஒரு டி.கே.எச்சுக்கு லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் கால்சியம். எனவே நாளைக்கு லிட்டருக்குச் சுமார் 3.3 மில்லிகிராம் கால்சியம் குறையும். 420 இருக்கும் தொட்டியில் அது பெரிதாகத் தெரியாது, அதனால்தான் கால்சியத்தை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், காரத்தன்மையைத் தினமும் பார்க்கச் சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் பார், விளக்கு எரியத் தொடங்கும் முன் நல்லது. சோதனையே 0.3 முன்பின் காட்டும்; ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காதே, மூன்று நாளின் போக்கைப் பார். மெக்னீசியம் 1,250க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும், மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்.

இந்த 0.47ஐத் திருப்பிக் கொடுக்க உன் அளவுத் தொட்டிக்கு நான் சொல்லும் வழி சுண்ணாம்புத் தெளிவு. கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுத்த அதே விகிதத்தில் திரும்பி வந்துவிடும், தண்ணீரில் வேறு எதுவும் சேர்ந்து தங்காது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் அதைப் போட்டுவிடாதே. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உணவுத் தரம் அல்லது ஆய்வகத் தரம் வாங்கு. ஒரு லிட்டர் சுத்த நீரில் இரண்டு கிராம் போட்டு, மூடிக் குலுக்கி, ஒரு ராத்திரி அசையாமல் வை. சுமார் 1.5 கிராம்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடு. அடி வண்டலைத் தொட்டியில் விடாதே. பாட்டில் திறந்திருந்தால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே ஆடை கட்டும். அது வெறும் கால்சியம் கார்பனேட், தெளிவின் வீரியம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் தெளிவு ஒரு லிட்டர் உன் தொட்டியில் 1.9 டி.கே.எச் ஏற்றும். உனக்கு வேண்டியது 0.47. ஆக, நாளைக்கு 250 மில்லி. அதைக் குறித்த நேரத்தில் குறித்த அளவு விடும் டோசிங் பம்பில் போட்டு, விளக்கு அணைந்த பிறகு பத்துத் தவணையாக, தவணைக்கு 25 மில்லி, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சொட்டச் செய். ராத்திரியில் பவளமும் பாசியும் மூச்சு விட்டு பி.எச் இறங்கும் நேரம், தெளிவின் பி.எச் 12க்கு மேல் என்பதால் இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். பகலில் மொத்தமாக ஊற்றினால் தண்ணீர் பால் போலாகும், கால்சியம் மணலில் போய்ப் படியும், பவளத்துக்கு ஒன்றும் கிடைக்காது. பாட்டில் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம் கண்ணு. பம்ப் சிக்கி மொத்தமும் விழுந்தாலும் 1.9க்கு மேல் ஏற முடியாது. அதுவே கெடுதல்தான், ஆனாலும் ஐந்து லிட்டர் கேன் வைத்திருந்தால் மறுநாள் தொட்டியே இருக்காது.

ஆவியாகும் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை. கண்ணாடியில் டேப் ஒட்டி அளந்து, நாளைக்கு 700 மில்லி குறைகிறது என்று எழுதியிருந்தாய். அதில் 250 சுண்ணாம்புத் தெளிவாகப் போய்விடும், மிச்சம் 450 மில்லியை, மிதவை இறங்கினால் தானாக நீர் நிரப்பும் டாப்-அப் கருவி பார்த்துக்கொள்ளும். உப்பு ஆவியாகாது, அதனால் நிரப்புவது எப்போதும் நல்ல தண்ணீர்தான். மிதவை சிக்கிக்கொண்டு ஐந்து லிட்டர் உள்ளே போனால் உப்பு ஆயிரத்துக்கு 35இலிருந்து 32.3க்கு இறங்கிவிடும். மிதவையை வாரம் ஒரு முறை விரலால் தேய்த்துக் கழுவு. நத்தையும் உப்புப் பொருக்கும்தான் அதைச் சிக்க வைக்கின்றன. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை, உப்பு 35 உள்ள சோதனைத் திரவத்தில் சரிபார், வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பாதே.

தெளிவாகத் தெரிகிற தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை என்று நம்ம ஊரில் பிறந்தவளுக்கு நான் சொல்லவா வேண்டும்? போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு கண்ணுக்கா தெரிந்தது, பிள்ளைகளின் பல்லில் கறையாகத்தானே தெரிந்தது. ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்ததே அதற்காகத்தான். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் குடிக்க மிக நல்லது, பவளத்துக்கு ஆகாது. அதில் குளோரமின் இருக்கிறது. சாதாரணக் கார்பன் வடிகட்டி அதை உடைக்கும்போது அம்மோனியா வெளிவரும், ஆர்.ஓ சவ்வு அதை முழுதாகப் பிடிக்காது, மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ பிசின்தான் கடைசியில் பிடிக்க வேண்டும். குளோரமினுக்கென்று உள்ள கார்பன் பிளாக் வாங்கி, டி.ஐக்குப் பிறகு கரைந்த பொருளின் அளவான டி.டி.எஸ் 0 காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார். 2 காட்டினாலே பிசினை மாற்று. சமையலறையில் இருக்கும் குடிநீர் ஆர்.ஓ இதற்கு ஆகாது, அதில் மினரலை வேறு திரும்பச் சேர்க்கிறார்கள்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்கு அது கவலையாக இருந்தது. பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிக்கும் எரு வேண்டும். பூஜ்யத்தில் நிறம் வெளிறும். காரத்தன்மை கொஞ்சம் ஏறினாலும் நுனி கருகும். டைனோஃப்ளஜலேட் என்ற பழுப்புச் சளி, குமிழியோடு மணல் மேல் படரும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடு. கோமாளி மீன் இரண்டுக்கும் இன்னும் ஒரு வேளை தீனி போடு. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1, இதற்குள் இருந்தால் கைவைக்காதே. வாரம் 6 லிட்டர் மாற்றுவது போதும். உப்பு வாங்கும்போது கலந்த பிறகு அதன் காரத்தன்மை எவ்வளவு என்று சோதித்துப் பார்: சில உப்பு 11, 12 காட்டும், அதை ஊற்றினால் ஒவ்வொரு வாரமும் உன் தொட்டிக்கு ஒரு குலுக்கல். 7.5 முதல் 8 காட்டுவதை வாங்கு.

ராத்திரி ஏசி, பகலில் அறை பூட்டியபடி. தொட்டி 24க்கும் 29க்கும் போய்வருகிறது. ஃபேன் காற்று நம்ம ஊர் வறண்ட வெயிலில் நன்றாகக் குளிர்விக்கும், அங்கே ஈரக்காற்றில் அவ்வளவு உதவாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சின்ன சில்லர் ஒன்று வாங்கிவிடு, 26இல் வை. பணத்தைப் பார்க்காதே, அம்மா சொல்கிறேன். பூட்டிய அறையில் நீ விடும் மூச்சாலேயே பி.எச் இறங்கும். கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

விளக்கை இப்போதைக்கு ஏற்றாதே. பவளத்தின் மேல் விழும் ஒளியின் அளவு (PAR) மான்டிபோரா வகைப் பவளத்துக்கு 150 முதல் 250, அக்ரோபோரா வகைக்கு 200 முதல் 350; வாரத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. நீரோட்டம் மணிக்கு 2,000 லிட்டருக்குக் குறையாமல், ஒரே திசையில் அடிக்காமல் இருக்கட்டும்.

அக்ரோபோரா வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். ஐந்து மாதத் தொட்டியில் வேண்டாம். கண்ணாடியில் ஊதாப் பாசிப் பொருக்கு படரட்டும், காரத்தன்மை இரண்டு மாதம் 0.3க்குள் நிற்கட்டும். அப்போது வாங்கினாலும், வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிளையை மட்டும் எடு. மருந்துக் குளியல் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை சதை இல்லாத அடிப்பகுதியில் பழுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும்.

பொங்கலுக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பே டோசிங் பம்ப் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் எதையும் மாற்றாதே, புதிதாக எதையும் வாங்கி வைக்காதே. பன்னிரண்டு நாளுக்குத் தெளிவு மூன்று லிட்டர்: பம்பில் ஒன்று, கழுத்து வரை நிரப்பி மூடிய பாட்டில் இரண்டு. நாலாம் நாளும் எட்டாம் நாளும் உன் அறைத்தோழி மாற்றி வைத்தால் போதும். டாப்-அப்புக்கு ஐந்து லிட்டர் கேன், பதினோரு நாள் வரும்; கடைசி நாளுக்கு அரை லிட்டர் அவளே ஊற்றட்டும். தீனியை நாள்வாரியாக மாத்திரை டப்பாவில் பிரித்து வை, புட்டியை ஒளித்துவிடு. பழக்கமில்லாதவர்கள் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

வெட்டிய துண்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் வேண்டாம் சாமி. கல் பவளம் அத்தனையும் 2001 முதல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரோடோ காய்ந்த எலும்பாகவோ வைத்திருக்கக்கூட முடியாது. நாடு தாண்டக் கொண்டுவருவதற்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி வேறு. அந்தச் சட்டத்தில் எனக்கு மனக்குறையே இல்லை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புச் சூளையில் போட்ட காலம் உண்டு, 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பெங்களூரில் இறங்கும்போது உன் பையில் துணிமணி மட்டும் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு ஏழு நாள் எண்ணையும் எழுதி அனுப்பு. 250 மில்லி கூடுதலா குறைவா என்று பார்த்துச் சொல்கிறேன். டிக்கெட் போட்டதும் எந்த நேரத்துக்கு வண்டி அனுப்ப வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா