மேற்கோள் எண்ணிக்கையும் துறை வேறுபாடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உலகின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியலில் இலங்கையர் இடம்பெறுவது குறித்து ஆண்டுதோறும் தங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். நம்மவர் பெயரை அங்கே காண்பது பெருமைதான். ஆனால் “இத்தனை ஆயிரம் மேற்கோள்கள்”, அதாவது அவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் இத்தனை தடவை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், என்ற ஒற்றை எண்ணோடு செய்தி முடிந்துவிடும்போது, அந்த ஆய்வாளர் உண்மையில் எதைச் செய்தார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பல்கலைக்கழக நூலகமொன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன்.

1964ஆம் ஆண்டு யூஜின் கார்பீல்ட் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபோது, ஒரு கட்டுரையின் கருத்தைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டார்கள் எனத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாகவே அது நூலகங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆளை அளக்கும் கோலாக அது மாறியது பிற்காலத்தில்தான். இன்று எல்லோரும் கேட்கும் ‘எச்’ சுட்டெண்ணை 2005இல் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர். குறைந்தது 20 மேற்கோள்களேனும் பெற்ற கட்டுரைகள் ஒருவரிடம் 20 இருந்தால் அவருடைய சுட்டெண் 20. உயிரியல் துறையினரின் எண்கள் பௌதிகவியலாளரின் எண்களைவிட உயர்ந்திருப்பதையும், ஒருவருடைய பன்முகப் பணியைத் தனியொரு எண் முழுமையாகக் காட்டாது என்பதையும் ஹேர்ஷே அதை முன்வைத்த கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

துறைக்குத் துறை வழக்கம் வேறு. மருத்துவத்தில் ஆய்வாளர் தொகை பெரிது. கட்டுரைகள் விரைவாக வெளிவருகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் உசாத்துணைப் பட்டியல் நீளமாக இருக்கும். கணிதத்தில் ஒரு நிறுவலுக்கே பல ஆண்டுகள் செல்லும், அதை எடுத்தாள்வோரும் சிலரே. ஒரே துறைக்குள்ளும் எண் ஏமாற்றும். புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையொன்றை விளக்கி லோரியும் உடனாய்வாளர்களும் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. டி.என்.ஏ.யின் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த எண்ணை நெருங்கவேயில்லை.

பல துறைகளில் உழைப்பவருக்கே இதனால் பெரும் அநீதி நேர்கிறது. புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் ஒருவர் பதவி உயர்வு விண்ணப்பத்தோடு என் மேசைக்கு வந்தார். அவருடைய மேற்கோள்களை இருவருமாக ஒரு பிற்பகல் முழுவதும் துறைவாரியாகப் பிரித்தோம். நூற்றுக்கணக்கானோர் கூட்டாக எழுதிய இரண்டு மருத்துவக் கட்டுரைகளிலிருந்தே ஏறக்குறைய எல்லாம் வந்திருந்தன. அவருடைய பங்கு அவற்றில் ஒரு கணிப்பீடு மட்டுமே. ஆறு ஆண்டுகள் தனியே உழைத்து அவர் நிறுவிய தேற்றத்துக்கு 11 மேற்கோள்கள். பேச்சுத் தமிழின் சொற்பெருக்கம் பற்றி அவர் தமிழில் எழுதிய நான்கு கட்டுரைகளும் மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளத்தில் இல்லவே இல்லை. நேர்முகத் தேர்வில் மொத்த எண்ணை மட்டும் கேட்டார்களாம். அந்தத் தேற்றத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று அவர் வந்து சொன்னபோது எனக்கு நெஞ்சு பதைத்தது.

நமது பெயர் வழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தகப்பனாரின் பெயரை ஒரு கட்டுரையில் முதலெழுத்தாகச் சுருக்கியும் இன்னொன்றில் இறுதியில் விரித்தும் எழுதினால், தரவுத்தளம் ஒருவரை இருவராக்கிவிடும். சில வேளை மேற்கோள் தகப்பனாரின் பெயரிலேயே பதிவாகும். 2012இல் தொடங்கிய ஓர்கிட் எனும் 16 இலக்க அடையாள எண்ணை இளம் ஆய்வாளர்கள் முதற் கட்டுரைக்கு முன்பே பெற்றுக்கொள்வது நல்லது.

ஆய்வை எண்களால் மதிப்பிடுவது எப்படி என்பது பற்றி 2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை, துறைகளுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கில் எடுக்குமாறும், அந்தந்த நாட்டுக்கும் மொழிக்கும் உரிய ஆய்வுகளைக் காக்குமாறும் தெளிவாகக் கூறுகிறது. எனவே இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, ஆய்வாளரின் துறை எது, அந்த எண் எந்தத் தரவுத்தளத்தில் எப்போது எடுக்கப்பட்டது, பெருமளவு மேற்கோள் பெற்ற கட்டுரையில் அவர் ஆற்றிய பங்கு என்ன என்பவற்றையும், இயலுமாயின் அவருடைய தமிழ் எழுத்துகளையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். தெரிவுக் குழுவினரும் விண்ணப்பதாரியின் சிறந்த மூன்று கட்டுரைகளையேனும் வாசித்துவிட்டு வந்து அமர வேண்டும்.

தனிநாயகம் அடிகளார் 1952இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ இதழின் கட்டுத் தொகுதி ஒன்று எங்கள் நூலகத்தில் இருந்தது. அதன் பின்னட்டையில் ஒட்டிய திகதிச் சீட்டு நிறைந்துவிட்டதால் மேலே இன்னொன்றை ஒட்டினேன். நான் ஓய்வுபெறும் நாளில் அதிலும் இரண்டு வரிகளே மீதியிருந்தன. அந்த முத்திரைகளில் ஒன்றேனும் எந்தச் சுட்டெண்ணிலும் ஏறவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.