டீச்சர் போட்ட நூற்றுக்கு நூறு

அடியே கமலா,

தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படியில் வைத்து "அடுத்த வாரமே எழுதறேன்" என்று சத்தியம் பண்ணினவள் நான்தான். தீபாவளியே வந்துவிட்டது. திட்டுவதை நேரில் திட்டு. முட்டி வலி அப்படியே இருக்கிறது. பேரனுக்குப் பல் முளைத்து எல்லாரையும் கடிக்கிறான். அவர் ஆஸ்ட்ரோ டிவி முன்னாலேயே தூங்குகிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நம் கணக்கு டீச்சர் இங்கே பினாங்கிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் அங்கே 'திருப்தி ஆய்வு' நடத்தினார்கள். நிரப்ப வேண்டிய கேள்விப் பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். பழைய நர்ஸ் மிஸியாச்சே என்று, தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிகளுக்குப் படித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து முகம், அழுமூஞ்சியிலிருந்து சிரிப்பு வரை. பக்கத்திலேயே மேற்பார்வையாளர் மைலோ ஊற்றிக்கொண்டு நிற்கிறார்.

டீச்சர் எல்லாவற்றுக்கும் சிரிப்பு முகம் போட்டார். உன் பேப்பரில் விடையெல்லாம் சரியாக இருந்தும் கையெழுத்து மோசம் என்று இரண்டு மார்க் பிடுங்கினவர்டீ! மீன் கறி எப்படி என்பதற்கும் சிரிப்பு முகம். பிறந்ததிலிருந்து சைவம் அவர்!

வெளியே வந்ததும் கேட்டேன். "மார்க் போடுறது நான், சோறு போடுறது அவங்க" என்றார்.

அன்றிலிருந்து இதே நினைப்புதான். இடம் மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தம், யாரும் அதட்டுவதில்லை. ஆனால் மறதி வந்தவர்களை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார்கள், பதில் சொல்லத் தெரியாதாம். அவர்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவனின் திருப்தியும் கட்டிலில் கிடக்கிறவளின் திருப்தியும் ஒன்றா?

தங்கச்சி மகள் மெல்பர்னில் இதே மாதிரி இடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே 2022 டிசம்பரிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறார்களாம். அதில் 33 விழுக்காடு அங்கே இருப்பவர்கள் வாயால் சொல்வதற்கு. கேட்பது இல்லத்து ஆள் இல்லை, வெளியாள். ஒவ்வொரு இல்லத்திலும் பத்தில் ஒருவரையாவது நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். "திருப்தியா?" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. மரியாதையாக நடத்துகிறார்களா, சாப்பாடு பிடிக்கிறதா, குறை சொன்னால் கவனிக்கிறார்களா என்று கேட்டு, எப்போதுமா, பெரும்பாலுமா, சில சமயமா, ஒருபோதும் இல்லையா என்று பதில் வாங்குகிறார்கள். அங்கேயும் எல்லாரும் உண்மை பேசுவார்கள் என்று நான் நம்பவில்லை, கிழங்கள் எங்கேயும் கிழங்கள்தான். இருந்தாலும் மைலோ இல்லை பார்!

நமக்கும் மலேசியாவில் இந்த இல்லங்களுக்கென்று 1993இல் ஒரு சட்டம், 2018இல் இன்னொன்று. பொம்பாக்காரர் வந்து தீயணைப்பு வசதியைப் பார்ப்பார். டீச்சரை யார் பார்ப்பது?

அடுத்த வாரம் பாரம் இல்லாமல், முறுக்கு டப்பாவோடு போனேன். "நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? ராத்திரி மணி அடிச்சா யார் வந்தா?" இவ்வளவுதான் கேட்டேன். கொட்டிவிட்டார்கள். மாலை ஐந்துக்குச் சாப்பாடு, அப்புறம் காலை ஏழு வரை ஒன்றும் கிடையாது. அடுத்த கட்டில் சீனப் பாட்டிக்கு என் அரைகுறை ஹொக்கியன் போதவில்லை, வயிற்றைத் தட்டிக் காட்டினாள். டீச்சருக்குத் தானே குளிக்க வேண்டும். அவர் குளித்தால் அரை மணி ஆகிறதென்று பத்தே நிமிஷத்தில் குளிப்பாட்டி விடுகிறார்கள். அந்தப் பாரத்தில் குளியலுக்கும் கேள்வி இருந்தது, சுத்தமாக இருக்கிறீர்களா என்று. இருக்கிறாரே!

நிர்வாகியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஆய்வு முடிவைக் காட்டினார். ஏறக்குறைய எல்லாரும் மிகத் திருப்தி. இரவு ஒன்பதுக்குப் பிஸ்கட்டும் பாலும் தரலாமா என்று மட்டும் யோசிப்பதாகச் சொன்னார். குளியலுக்கு ஆள் போதாதாம். அது பொய்யில்லை. 22 பேருக்கு ராத்திரியில் இரண்டு பேர், நானே எண்ணினேன்.

நமக்கும் 68 ஆகிறது கமலா. என் மகன் நல்லவன்தான், பாரத்தை ஒழுங்காக நிரப்புவான்.

டீச்சர் உன்னை விசாரித்தார். "செந்தூல்ல இருக்காளே, கையெழுத்து திருந்திச்சா?" என்றார். பள்ளி விடுமுறைக்கு ரயிலேறி வா, இரண்டு பேரும் போவோம். சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வரச் சொன்னார், எதற்கு என்று சொல்லவில்லை.

உன்,
பாக்கியம்